தாளக்காரர் கையில் ஒரு பாடற்குழு: ஜேம்ஸ் வுட் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஜேம்ஸ் வுட் என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவர் இலக்கிய விமர்சகர். கொஞ்சம் கீழே போனால் ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் வுட்ஸ். நான் எழுத வந்திருக்கும் ஜேம்ஸ் வுட் இவர்களுக்கெல்லாம் பின்னால் எங்கோ தள்ளி நிற்கிறார். 1953இல் பிறந்த ஆங்கிலேயர். பாடற்குழு நடத்துநர், தாளவாத்தியக் கலைஞர், இசையமைப்பாளர். இதில் எது அவருடைய முதல் தொழில் என்று அவருடைய ரசிகர்களிடம் கேட்டாலே ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

மேற்கத்திய செவ்வியல் இசையில் இது அபூர்வமான சேர்க்கை. பாடற்குழு நடத்துநர்கள் பெரும்பாலும் தேவாலயத்திலிருந்து வருகிறார்கள். சிறுவயதில் கொயரில் பாடியிருப்பார்கள், அப்புறம் ஆர்கன், அப்புறம் கல்லூரித் தேவாலயத்தின் பாடற்குழு. தாளக்காரர்கள் வருவது இன்னொரு வாசல் வழியாக. இசைக்குழுவின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, நூறு பார் (தாளத்தின் ஒரு சுற்று) மௌனத்தை எண்ணி, நூற்றியோராவது பாரில் ஒரே ஒரு தடவை சிம்பலைத் தட்டிவிட்டு மறுபடியும் எண்ணத் தொடங்குகிறவர்கள். இரண்டு கூட்டமும் ஒரே மேடையில் நிற்பார்கள். ஆனால் ஒருவர் படிப்பு மற்றவருக்குத் தெரியாது.

வுட் இரண்டையும் முறையாகப் படித்தவர். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இதைப் பார்க்கிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. சம்பளம் வாங்காத லண்டன் அமெச்சூர் பாடகர்கள் இருபதாம் நூற்றாண்டின் மிகக் கடினமான குரலிசையை மேடையில் பாடிக் காட்டினார்கள் என்றால், அதற்கு அவர்கள் முன்னால் நின்றவர் ஒரு தாளக்காரர் என்பது முக்கியமான காரணம். அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன். அதற்கு அவர் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும்.

பாரிஸ், கேம்பிரிட்ஜ், லண்டன்

1970களின் தொடக்கத்தில், பள்ளிப்படிப்பு முடித்த கையோடு, வுட் பாரிஸுக்குப் போய் பிரெஞ்சு இசை ஆசிரியை நாடியா புலாஞ்சேயிடம் படித்தார். புலாஞ்சே 1887இல் பிறந்தவர். எண்பதைத் தாண்டியிருந்தார். கண்பார்வை மங்கிக்கொண்டிருந்தது, காது மட்டும் கத்தி மாதிரி. ஏரன் கோப்லண்ட், ஆஸ்டர் பியாசோலா, குவின்சி ஜோன்ஸ், ஃபிலிப் கிளாஸ் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஆட்கள் அவரிடம் படித்திருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக அவர் கொடுத்த பயிற்சிகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். நான்கு குரல் உள்ள ஒரு பாடலை எடுத்து, மூன்று குரல்களை மாணவர் பியானோவில் வாசித்துக்கொண்டே நான்காவதை வாயால் பாட வேண்டும். அப்புறம் பாடும் குரலை மாற்ற வேண்டும். நான்கு பேர் பாடும்போது நான்கையும் தனித்தனியாகக் கேட்கிற காது இப்படித்தான் வரும்.

பாரிஸுக்குப் பிறகு கேம்பிரிட்ஜின் சிட்னி சசெக்ஸ் கல்லூரியில் ஆர்கன் உதவித்தொகை மாணவர். இங்கிலாந்துப் பாடற்குழு உலகத்துக்கு இதுதான் ராஜபாட்டை. கூடவே நடந்திருந்தால் ஏதாவது ஒரு பேராலயத்தில் இசை இயக்குநராகி, கிறிஸ்துமஸ் கேரல் ஒலித்தட்டுகள் வெளியிட்டு, மரியாதையாக ஓய்வுபெற்றிருக்கலாம். அவர் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் சேர்ந்து தாளவாத்தியம் படித்தார். 1970களின் பிற்பகுதியில் ஆக்ஸ்ஃபோர்டின் ஸ்கோலா கான்டோரும் என்ற மாணவர் பாடற்குழுவையும் நடத்தினார். அந்தப் பக்கம் டிரம், இந்தப் பக்கம் கொயர். இந்த இரட்டை வாழ்க்கை அங்கேயே தொடங்கிவிட்டது.

1981: நியூ லண்டன் சேம்பர் கொயர்

1981இல் வுட் நியூ லண்டன் சேம்பர் கொயரைத் தொடங்கினார். அதை 2007 வரை, இருபத்தாறு ஆண்டுகள் நடத்தினார். இது அமெச்சூர் குழு. பாடுவது அவர்களுக்குப் பிழைப்பு இல்லை, வேலை முடிந்து வந்து ஒத்திகையில் நிற்கிறவர்கள். லண்டனில் இப்படிப் பாடற்குழுக்கள் ஏராளம். பெரும்பாலானவை ஹேண்டலின் 'மெசையா', மொஸார்ட்டின் 'ரெக்வியம்', இடையில் ஒரு ஃபோரே என்று ஒரே வட்டத்தில் சுற்றும். அதில் தப்பில்லை, பாடுகிறவர்களுக்கும் கேட்கிறவர்களுக்கும் அது பிடித்திருக்கிறது. வுட் இந்த வட்டத்தை விட்டு வெளியே போய், இருபதாம் நூற்றாண்டு இசையையும் உயிரோடு இருக்கும் இசையமைப்பாளர்களின் படைப்புகளையும் குழுவின் அன்றாட உணவாக ஆக்கினார்.

ஹைப்பீரியன் ஒலித்தட்டு நிறுவனத்துக்கு இந்தக் குழு செய்த பதிவுகளில் ஒன்று லிலி புலாஞ்சேயின் பாடற்குழுப் படைப்புகள். லிலி, நாடியாவின் தங்கை. 1913இல் இசையமைப்புக்கான பிரி த ரோம் பரிசை வென்ற முதல் பெண், 1918இல் இருபத்துநான்கு வயதில் இறந்துபோனவர். தங்கையின் இசையை உலகம் மறந்துவிடக்கூடாது என்று நாடியா வாழ்நாள் முழுக்கப் பாடுபட்டார். நாடியாவின் மாணவர் நடத்தும் ஒரு குழு, அவர் இறந்து பதினைந்து ஆண்டு கழித்து, அந்த வேலையைத் தொடர்ந்திருக்கிறது.

லே நோஸ்: பாடற்குழுவும் தாளமும் மட்டும்

வுட்டின் இரண்டு தொழிலும் ஒரே இடத்தில் சந்திக்கும் படைப்பு ஒன்றைக் காட்டு என்றால் ருஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'லே நோஸ்' என்பேன். ருஷ்யக் கிராமத்துக் கல்யாணம். மணப்பெண்ணுக்குப் பின்னல் போடுவதில் தொடங்கி விருந்தில் முடியும் நான்கு காட்சிகள், இருபத்தைந்து நிமிடத்துக்குள் அடங்கும். ஸ்ட்ராவின்ஸ்கி பாட்டை 1917 வாக்கிலேயே முடித்துவிட்டார். எந்த வாத்தியங்களுக்கு எழுதுவது என்பதில்தான் ஆண்டுக்கணக்கில் தடுமாறினார். பெரிய இசைக்குழு சரிவரவில்லை. பியானோலா, சிம்பலோம், ஹார்மோனியம் என்று ஒரு விசித்திரக் கூட்டணியையும் முயன்று கைவிட்டார். கடைசியில் நான்கு பியானோ, ஒரு தாளவாத்தியக் குழு, நான்கு தனிப்பாடகர்கள், பாடற்குழு. வயலின் கிடையாது, புல்லாங்குழல் கிடையாது. 1923 ஜூன் 13 அன்று பாரிஸில் பாலே ரூஸ் நடனக் குழு அரங்கேற்றியது இந்த வடிவத்தைத்தான்.

வயலின்கள் இல்லாததால் பாடகர்களுக்கு ஒளிய இடமில்லை. சாதாரணமாக ஒரு பாடற்குழு அரைக்கால் நொடி தாமதமாக வந்தால் கீழே இருக்கும் தந்தி வாத்தியங்களின் நீண்ட ஒலி அதை மூடி மறைத்துவிடும். இங்கே கூடவே வருவது சைலஃபோனும் டிரம்மும் சுத்தியல் மாதிரி இறங்கும் பியானோவும். இவற்றின் ஒலி தொடங்கும் கணம் ஊசிமுனை அளவுதான். குரல் அந்த முனையில் உட்காராவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

குரல் எப்படி அந்த முனையில் உட்காரும்? ருஷ்யச் சொற்களில் இரண்டு மூன்று மெய்கள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். 'ஸ்த்ரா' என்று ஒரு அசை என்று வைத்துக்கொள்வோம். பாடகர் ஸ்கோரை, அதாவது இசைக்குறிப்புத் தாளைப் பார்க்கிறார், அடியின் நேர்கீழே அந்த அசை அச்சாகியிருக்கிறது. அடி விழும்போது 'ஸ்' என்று தொடங்குகிறார். 'த்', 'ர்' எல்லாம் கடந்து 'ஆ' காதில் விழுவதற்குள் டிரம் அடித்து ஓய்ந்துவிட்டது. பாடகர் சரியாகத்தான் தொடங்கினார், ஆனால் கேட்கிறவருக்குக் குழு பின்னால் இழுபடுவது மாதிரி இருக்கும். மெய்களையெல்லாம் அடிக்கு முன்னாலேயே முடித்துவிட்டு, உயிரெழுத்தை அடியின் மேல் போட வேண்டும். எல்லாப் பாடற்குழு ஆசிரியர்களும் சொல்லிக்கொடுப்பதுதான் இது. ஆனால் எவ்வளவு முன்னால் என்பதைத் துல்லியமாகச் சொல்ல, ஒரு குச்சி தோலைத் தொடுவதற்கு முன் காற்றில் எவ்வளவு நேரம் பயணம் செய்கிறது என்பது உடம்பில் பதிந்திருக்க வேண்டும். அது தாளக்காரருக்குப் பதிந்திருக்கும். மேல்நோக்கிப் போகும் கைதான் ஒலியைத் தீர்மானிக்கிறது, கீழே வரும் கை வெறும் விளைவு என்பது எந்த டிரம் வகுப்பிலும் முதல் மாதப் பாடம்.

இன்னொன்று, 'லே நோஸ்' படைப்பில் பார்களின் நீளம் மாறிக்கொண்டே இருக்கும். வேகங்களும் மாறும், ஆனால் ஒன்றுக்கொன்று எளிய விகிதத்தில். உள்ளே ஒரே துடிப்பு ஓடிக்கொண்டிருக்க, மேலே அதை இரண்டாகவும் மூன்றாகவும் கட்டி அவிழ்ப்பதுதான் வித்தை. அந்தத் துடிப்பை விட்டுவிட்டு ஒவ்வொரு பகுதியையும் 'உணர்ச்சியோடு' நடத்துகிறவர்கள் கையில் இந்தக் கல்யாணம் சிதறிப்போகும். நிறையப் பெரிய பெயர்கள் அப்படிச் சிதறடித்திருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் வெளிவந்த வுட்டின் பதிவில், லண்டன் குழுவோடு ருஷ்யாவின் வரோனெஷ் நகரத்துச் சேம்பர் கொயரும் சேர்ந்து பாடியது. உச்சரிப்புக்கு ருஷ்யர்கள், கணக்குக்கு லண்டன்காரர்கள் என்று நான் கேலியாகச் சொல்வதுண்டு. அது அநியாயம், இரண்டு பக்கமும் இரண்டையும் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் துடிப்பு முதலிலிருந்து கடைசி மணியோசை வரை அறுபடாமல் ஓடுகிறது.

செனாக்கிஸ்: கால் சுரமும் கூழாங்கல்லும்

யானிஸ் செனாக்கிஸ் கிரேக்கர், பொறியியல் படித்தவர். 1944–45 குளிர்காலத்தில் ஏதென்ஸ் தெருச் சண்டையில் பிரிட்டிஷ் டாங்கிக் குண்டு முகத்தில் பட்டு ஒரு கண்ணை இழந்தார். 1947இல் பிரான்சுக்குத் தப்பினார். ஊரில் அவர் இல்லாமலேயே மரண தண்டனை விதித்தார்கள். பாரிஸில் கட்டடக் கலைஞர் லே கொர்பூசியேயிடம் வேலை பார்த்துக்கொண்டே இசையமைத்தார். 1967இல் கிரீஸில் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த ஆண்டு அரங்கேறிய 'நுயி', அதாவது 'இரவுகள்', பன்னிரண்டு குரல்களுக்கானது. அரசியல் கைதிகள் சிலரைப் பெயர் சொல்லியும், பெயரே தொலைந்துபோன ஆயிரக்கணக்கானவர்களுக்கும் அர்ப்பணிக்கப்பட்டது. பாடலில் வாக்கியம் என்று ஒன்றுமில்லை. சுமேரிய, அசீரிய மொழிகள் போன்ற பழைய மொழிகளின் ஒலித்துண்டுகள் மட்டும்.

கஷ்டம் ஒலித்துண்டுகளில் இல்லை. பியானோவின் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழும் கால் சுரங்களில் இருக்கிறது, அதைவிட அதிகமாக வழுக்கலில் இருக்கிறது. பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு சுரத்தில் தொடங்கி, ஆளுக்கொரு வேகத்தில் வழுக்கி, வேறு எங்கோ போய்ச் சேர வேண்டும். இசைக்கவையைக் காதோரம் பிடித்துச் சுருதியைச் சரிபார்த்துக்கொண்டே பாடுவது இந்தப் படைப்பில் வழக்கம். ஆனால் கவை தொடங்குமிடத்தையும் முடியுமிடத்தையும் தான் சொல்லும், நடுவழியைச் சொல்லாது. பயிற்சி இல்லாத குரல் நடுவழியில் ஏமாற்றும். தொடக்கச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு முக்கால்வாசி நேரம் நின்றுவிட்டுக் கடைசி நொடியில் சரேலென்று இறங்கிவிடும். ஒருவர் செய்தால் பரவாயில்லை. பன்னிரண்டு பேரும் செய்தால் செனாக்கிஸ் வரைந்த சாய்கோடுகள் படிக்கட்டாக மாறிவிடும். இதற்கு மருந்து காதில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. நான்கு துடிப்பு நீள வழுக்கலை உள்ளுக்குள் பதினாறாகப் பிரித்து, எட்டாவதில் பாதி தூரம் வந்திருக்க வேண்டும் என்று தெரிந்து இறங்குவது. தாளக்காரருக்கு இது மூச்சு விடுவது மாதிரி.

செனாக்கிஸுக்கு இந்தக் குழுவைப் பிடித்துப்போயிருக்க வேண்டும். 'க்னெஃபாஸ்' என்ற படைப்பு 1990 ஜூனில் லண்டன் அல்மெய்டா விழாவில் அரங்கேறியது. பாடியது நியூ லண்டன் சேம்பர் கொயர், நடத்தியது வுட். தலைப்புக்கு 'இருள்' என்று பொருள். சில மாதங்களுக்கு முன் இறந்த பிரெஞ்சு இசை விமர்சகர் மொரீஸ் ஃப்ளுரேயின் நினைவாக எழுதப்பட்டது. உலகப் புகழ்பெற்ற ஒரு இசையமைப்பாளர் தன் புதுப் படைப்பின் முதல் மேடையை அமெச்சூர் குழுவிடம் கொடுத்திருக்கிறார்!

ஹைப்பீரியன் வெளியிட்ட அவர்களின் செனாக்கிஸ் ஒலித்தட்டில் இன்னும் சில உண்டு. 'செர்மான்' என்பது ஹிப்போக்ரட்டீஸ் உறுதிமொழியை வைத்து, 1981இல் ஏதென்ஸில் கூடிய இதய–ரத்தநாள அறுவை மருத்துவர் மாநாட்டுக்காக எழுதியது. டாக்டர்கள் அதைக் கேட்டு என்ன நினைத்தார்களோ. ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது 'மெடேயா'. செனெக்காவின் லத்தீன் நாடகத்துக்காக 1967இல் செய்தது. ஆண் குரல்கள் மட்டும், கூடக் கொஞ்சம் வாத்தியங்கள். பாடகர்கள் கையில் ஆற்றுக் கூழாங்கற்கள். பாடிக்கொண்டே ஒன்றோடொன்று தட்ட வேண்டும்.

ஒத்திகையில் இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு கையிலும் கல் இருந்தால் ஸ்கோரைப் பிடிக்க முடியாது. ஸ்டாண்டு வைக்க வேண்டும், பக்கம் புரட்டுவதற்கு ஒரு ஏற்பாடு வேண்டும். கல்லுக்கு நீட்டிப்பு கிடையாது. இருபது பேர் கொஞ்சம் முன்பின்னாகத் தட்டினால் ஆலங்கட்டி மழை. ஒரே கணத்தில் தட்டினால் எலும்பு முறிகிற சத்தம். செனாக்கிஸ் சில இடத்தில் மழையையும் சில இடத்தில் முறிவையும் கேட்கிறார். தட்டிப் பழகாத பாடகர் கல்லைக் கடைசிவரை இறுக்கிப் பிடிப்பார், ஒலி செத்துவிடும். விரலைத் தளர்த்திவிட்டால்தான் கல் பேசும். இந்த மாதிரி விஷயத்தை ஆர்கன் மட்டும் படித்து வந்த நடத்துநர் எங்கிருந்து சொல்லிக்கொடுப்பார்? பதிவில் அந்தக் கற்கள் பேசுகின்றன.

இதே வரிசையில் இத்தாலியர் ஜாசின்டோ செல்சியின் பாடற்குழுப் படைப்புகளையும் வுட் இந்தக் குழுவை வைத்துப் பதிவு செய்தார். அதில் ஒன்று ஆறு ஆண் குரல்கள், மின் கிட்டார், தாளவாத்தியங்களுக்கானது. அதற்குத் தலைப்பாக வைத்திருப்பதே த், க், ர், ட், க் என்ற வகையில் ஐந்து மெய்யெழுத்துகள். செல்சி இந்தியச் சிந்தனையில் ஊறியவர். கொன்னக்கோல் கேட்டு வளர்ந்த காதுக்கு அது முதல் நிமிடத்திலேயே பிடிபட்டுவிடும், லண்டன் பாடகர்களுக்கு எத்தனை வாரம் பிடித்ததோ.

டார்ம்ஸ்டாட்டும் இருபத்துநான்கு சுர மரிம்பாவும்

பாடற்குழு ஒரு பக்கம் ஓட, 1982 முதல் 1994 வரை ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் கோடைக்கால இசைப் பள்ளியில் தாளவாத்தியப் பேராசிரியராக இருந்தார். 1946இல் தொடங்கிய பள்ளி, அப்போது இரண்டாண்டுக்கு ஒருமுறை நடந்தது. ஸ்டாக்ஹௌசனின் 'சிக்ளுஸ்', தனித் தாளக்காரர் ஒருவர் வாத்தியங்களால் சூழப்பட்டு நின்று வாசிக்கும் அந்தப் படைப்பு, 1959இல் இங்கே நடந்த போட்டிக்காகத்தான் எழுதப்பட்டது. அந்த இடத்தில் ஆசிரியராக இருப்பது சாதாரண அங்கீகாரம் இல்லை.

1990 வாக்கில் லண்டனில், கால் சுரம் போன்ற சிறிய இடைவெளிகளைக் கையாளும் நுண்சுர இசைக்கான மையம் ஒன்றையும், கிரிட்டிகல் பேண்ட் என்ற வாத்தியக் குழுவையும் தொடங்கினார். அதற்குச் சற்று முன்பே மரிம்பாவில் கைவைத்துவிட்டார். மரிம்பா என்றால் மரக்கட்டைகளைப் பியானோவின் வெள்ளை, கறுப்புக் கட்டைகள் போல இரண்டு வரிசையாக அடுக்கிய வாத்தியம், ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு. வுட்டுக்கு இருபத்துநான்கு வேண்டும். கூடுதல் கட்டைகளைச் செய்து சாதாரண மரிம்பாவோடு சேர்த்து வைக்கும் ஏற்பாடு. சொல்வதற்கு எளிது. கட்டை இரண்டு மடங்கானால் கை போக வேண்டிய தூரமும் கூடும், பழகிய இடைவெளிகள் எல்லாம் பொய்யாகிவிடும்.

இந்த வாத்தியத்துக்காக 1989இல் அவர் எழுதிய படைப்பின் பெயர் 'வெனான்சியோ ம்பாந்தே மரங்களோடு பேசுகிறார்'. ம்பாந்தே உண்மையான மனிதர். மொசாம்பிக்கின் சோப்பி மக்களின் டிம்பிலா ஆசான். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் பல ஆண்டுகள் வேலை செய்துகொண்டே அங்கே டிம்பிலா குழுக்களை நடத்தினார். டிம்பிலாவும் மரக்கட்டை வாத்தியம்தான். கீழே சுரைக்குடுக்கை மாதிரியான ஒலிக்கூடுகள், அவற்றில் ஒட்டிய மெல்லிய சவ்வு ஒவ்வொரு அடிக்கும் ஒரு ரீங்காரத்தைச் சேர்க்கும். 2005இல் யுனெஸ்கோ இதை மனிதகுலப் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

ஒரு சின்னக் கணக்கு. டிம்பிலா ஸ்தாயியை ஏறக்குறைய ஏழு சம பங்காகப் பிரிக்கிறது. சுர இடைவெளியை அளக்கும் சென்ட் கணக்கில் ஸ்தாயி 1200 என்றால் ஒரு படி சுமார் 171. பியானோவில் 100, 200 தான் உண்டு. வுட்டின் மரிம்பாவில் நடுவே 150 கிடைக்கும். 171 அங்கேயும் கிடைக்காது. ஆக, அவர் டிம்பிலாவை நகலெடுக்கவில்லை. பன்னிரண்டு சுரக் கூண்டிலிருந்து வெளியே வர ஒரு வழி தேடினார், ம்பாந்தே அவருக்கு ஒரு உந்துதல், அவ்வளவுதான். ஆப்பிரிக்காவைத் தொட்ட ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் பலர் இந்த வித்தியாசத்தைப் பூசி மெழுகுவார்கள். தலைப்பிலேயே ஆசானின் பெயரைச் சொல்லி வைத்தது நேர்மை என்று எனக்குப் படுகிறது.

விலை

இப்படி ஒரு வாழ்க்கையில் எதுவும் சும்மா கிடைப்பதில்லை. வுட்டின் சொந்தப் படைப்புகள் அவருடைய உழைப்புக்கு ஏற்ற அளவு மேடையேறவில்லை என்றுதான் சொல்வேன். காரணம் நடைமுறை சார்ந்தது. இருபத்துநான்கு சுர மரிம்பா எந்த இசைக்கல்லூரி அறையிலும் தயாராக நிற்பதில்லை. 1988இல் வந்த 'ஸ்டாய்கேயா' மாதிரியான படைப்புக்குத் தாளக்காரர் கூட்டமே வேண்டும். டார்ம்ஸ்டாட்டில் அந்தக் கூட்டம் கையெட்டும் தூரத்தில் இருந்தது, வேறு எங்கே போய்த் திரட்டுவது? தன்னிடம் இருந்த ஆட்களுக்கும் வாத்தியங்களுக்கும் ஏற்ப எழுதியவர், அந்த ஆட்கள் இல்லாத ஊரில் என்ன ஆகும் என்று கவலைப்படவில்லை. 'கிளவுட் பாலிஃபனீஸ்' (2011) ஆறே தாளக்காரர்களுக்கானது. ஸ்டார்லிங் பறவைக் கூட்டம் வானத்தில் திரண்டு கலைவதை ஒலியாக்கும் பகுதி அதில் உண்டு, மாணவர் குழுக்கள்கூட எடுத்து வாசிக்கிறார்கள். வித்தியாசம் புரிகிறது.

ஒப்பிட ஒருவர் வேண்டும் என்றால் அமெரிக்கத் தாளக்காரர் ஸ்டீவன் ஷிக் இருக்கிறார். வுட் 1995இல் அவருக்காகவே தனித் தாளத்துக்கும் வாத்தியக் குழுவுக்குமாக ஒரு படைப்பை எழுதினார். ஷிக் 2007இல், வுட் தன் பாடற்குழுவை விட்ட அதே ஆண்டில், சான் டியேகோவின் லா ஹோயா சிம்ஃபனி அண்ட் கோரஸுக்கு இசை இயக்குநரானார். அதுவும் அமெச்சூர்கள் நிறைந்த அமைப்பு. ஆனால் ஷிக் முதலில் உலகறிந்த தனிக்கலைஞர், நடத்துநரானது ஐம்பதைத் தாண்டிய பிறகு. வுட் தொடக்கத்திலிருந்தே இரண்டையும் ஒன்றாக இழுத்தார். அதனால் தாளக்காரர்கள் மத்தியில் அவர் பாடற்குழுக்காரர், பாடற்குழுக்காரர்கள் மத்தியில் தாளக்காரர்.

2007க்குப் பிறகு குழுவை ஜேம்ஸ் வீக்ஸ் எடுத்துக்கொண்டார். வீக்ஸ் 2002இல் எக்ஸாடி என்ற தொழில்முறைக் குரல் குழுவைத் தொடங்கியவர். செனாக்கிஸ் வகை இசையை இன்று பெரும்பாலும் பாடுவது எக்ஸாடி போன்ற சிறிய, தேர்ந்த குழுக்கள்தான். சுத்தமாகப் பாடுகிறார்கள், சந்தேகமே இல்லை. முப்பது நாற்பது பேர் சேர்ந்து பாடும்போது வரும் அந்தக் கனம் வேறு.

ஜெசுவால்டோவின் தொலைந்த குரல்கள்

கடைசியாக ஒன்று. கார்லோ ஜெசுவால்டோ, வெனோசா நகரத்துப் பிரபு. 1590இல் மனைவியையும் அவள் காதலனையும் கொன்றவர் என்பதால் எல்லோருக்கும் தெரியும். இசை தெரிந்தவர்களுக்கு அவருடைய விபரீதமான சுரத் தாவல்களுக்காகத் தெரியும். 1603இல் நேப்பிள்ஸில் அவருடைய லத்தீன் பக்திப் பாடல்கள் இரண்டாம் தொகுதியாக வந்தன. இருபது பாடல்கள், பத்தொன்பது ஆறு குரலுக்கு, ஒன்று ஏழு குரலுக்கு. அந்தக் காலத்தில் எல்லாக் குரலையும் ஒரே பக்கத்தில் அச்சிட மாட்டார்கள், குரலுக்கொரு புத்தகம். இந்தத் தொகுதியில் இரண்டு புத்தகங்கள் தொலைந்துவிட்டன. ஒன்று ஆறாவது குரல், இன்னொன்று கீழ்க்குரலான பாஸ். கீழ்க்குரல் இல்லாதபோது மேலே இருப்பவை எதன் மேல் நிற்கின்றன என்றே தெரியாது.

ஸ்ட்ராவின்ஸ்கி 1957க்கும் 1959க்கும் நடுவில் இவற்றில் மூன்றை முடித்துப் பார்த்தார். அவர் ஜெசுவால்டோ என்ன எழுதியிருப்பார் என்று தேடவில்லை, காலி இடத்தில் தன் சுரங்களை வைத்தார். வுட் இருபதையும் எடுத்துக்கொண்டு, ஜெசுவால்டோவின் கையெழுத்திலேயே முடிக்க முயன்றார். இந்த வகை இசையில் ஒரு குரல் தொடங்கிய சொற்றொடரை அடுத்த குரல் எடுத்துக்கொள்ளும், அப்புறம் இன்னொன்று. இருக்கிற குரல்கள் எங்கே எடுத்தன என்று வரிசைப்படுத்தினால், தொலைந்த குரல் நுழைந்திருக்கக்கூடிய ஓட்டைகள் தெரியும். இசைவு மாறும் இடங்களில் ஜெசுவால்டோ வேறு படைப்புகளில் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும், முக்கியமாக 1611இல் வெளியிட்ட புனித வாரப் பாடல்களில். பாரிஸில் மூன்று குரல்களை வாசித்துக்கொண்டே நான்காவதைப் பாடிய பயிற்சி இதற்குத்தான் என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஜெசுவால்டோ இறந்து நானூறாவது ஆண்டான 2013இல் வோகால்கான்சோர்ட் பெர்லின் என்ற குரல் குழு பாட, வுட் நடத்த, ஹார்மோனியா முண்டி ஒலித்தட்டு நிறுவனம் இதை வெளியிட்டது.

புதிதாகக் கேட்கிறவர்கள் இருபது பாடலையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம், சலித்துவிடும். ஏழு குரலுக்கான 'இல்லூமினா நோஸ்' ஒன்றை மட்டும் எடுங்கள். ஸ்ட்ராவின்ஸ்கியும் அதை முடித்திருக்கிறார், பதிவுகள் கிடைக்கின்றன. முதலில் அவருடையது, பிறகு வுட்டுடையது. பாஸ் குரலை மட்டும் பின்தொடருங்கள். ஸ்ட்ராவின்ஸ்கியின் பாஸ் நுழையும்போதெல்லாம் யாரோ புது ஆள் அறைக்குள் வந்த மாதிரி இருக்கும். வுட்டின் பாஸ் எங்கே நுழைந்தது என்று நான் பல தடவை தவறவிட்டிருக்கிறேன்.